சாலம்மாளின் ஹேமர் பில்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, குச்சிக்கிழங்குக் காட்டின் நடுவில் இருந்த சாலம்மாளின் வீட்டுக்கு வசூல் ஆட்கள் முதல் தடவை வந்தபோது செருப்புக் காலோடு வாசலேறினார்கள். அடுத்த தடவை செருப்பை வண்டிக்குப் பக்கத்திலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். பிறகு வாசலேறுகிற பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போயிற்று. படலுக்கு வெளியே நின்று, நாய்க்கும் அவளுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டு, "அக்கா, இருக்கறீங்களா?" என்று கூப்பிடுவார்கள். நாயையாவது சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள்.

வருகிறவர்கள் இரண்டு பேர். மயில்சாமி பேசுகிறவன், அம்மாசி நிற்கிறவன். சும்மா நிற்பதற்கென்று ஒருவனுக்கு மாசச் சம்பளம் கொடுக்கிற தாராளம் போர்க்குழி போடுகிற திருச்செங்கோட்டு ரிக் முதலாளிக்குத்தான் வரும். அம்மாசிக்கு நல்ல உயரம், முறுக்கின மீசை. அவன் வந்து நின்றாலே பாதிப் பேர் பணத்தை எடுத்து வைத்துவிடுவார்களாம். சாலம்மாள் முதல் நாளே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இத்தன ஒடம்ப வச்சுக்கிட்டு உனக்கு வேல ஒன்னும் கெடைக்கலியா? காட்டுல களை வெட்டறதுக்கு ஆளில்லாமக் கெடக்குது, வாரியா? பொம்பளைங்களுக்குக் குடுக்கற கூலிதான் குடுப்பேன்."

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டு முன்னால் அவன் மீசையைத் தொட்டதில்லை.

திட்டு ஓய்ந்ததும் ஒரு சொம்பு மோர் படலுக்கு மேலாக வரும். வாசலுக்கு வந்தவனைத் தாகத்தோடு அனுப்புவது அவளால் ஆகாது. வசூல் ஆட்களும் அதைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். போகப் போக, அவர்கள் பணத்துக்கு வருகிறார்களா மோருக்கு வருகிறார்களா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

இந்த அக்கப்போருக்கெல்லாம் காரணம் ஒரு ஹேமர். எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் வெட்டுக் கிணறு அடிமண் வரைக்கும் வற்றிப்போய், ஊரே போர் போட்டுக்கொண்டிருந்தது. சாலம்மாளும் அந்தத் திருச்செங்கோட்டு முதலாளி செங்கோட்டையனின் ரிக் வண்டியைக் கூப்பிட்டாள். செங்கோட்டையன் அவளுக்கு அண்ணன் முறை. அந்த முறையெல்லாம் கல்யாணப் பந்தியில் இலை போடுவதோடு சரி, அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசும்போது அவன் யாருக்கும் அண்ணனில்லை.

ஹேமர் என்பது குழிக்குள் ஒன்றோடொன்று மாட்டி இறக்குகிற ராடின் நுனியில் இருந்துகொண்டு பாறையை இடித்து இடித்து இறங்குகிற இரும்பு. அதன் விலைக்கு அன்றைக்கு ஒரு ஜோடி உழவு மாடு வாங்கி மிச்சக் காசில் வண்டியும் பூட்டலாம். அந்த வட்டாரத்து ரிக் தொழிலில் எங்கும் எழுதி வைக்காத ஒரு ஏற்பாடு இருந்தது. குழியில் பொடிக்கல் சரிகிற இடம் வந்தால், மிஷின் ஓட்டுகிறவன் நிறுத்திவிட்டுக் காட்டுக்காரரைக் கேட்க வேண்டும், இன்னொரு ராடு போட்டு ஆழம் இறக்கட்டுமா என்று. அவர் போடச் சொல்லி அதற்குப் பிறகு ஹேமர் மாட்டிக்கொண்டால், அந்த ஹேமர் காட்டுக்காரர் தலையில். கேட்காமல் போட்டு மாட்டினால் முதலாளி தலையில்.

ஹேமர் மாட்டிக்கொண்ட நேரத்தில் சாலம்மாள் காட்டில் இல்லை. ரிக் ஆட்களுக்குச் சோறு கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் கம்ப்ரசர் சத்தமில்லை. காட்டுக்குள் அத்தனை பேரும் குழியைச் சுற்றி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் அகலக் குழிக்குள் எட்டிப் பார்த்து என்ன தெரியப் போகிறதோ! மிஷின் ஓட்டின கந்தன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"நான் கேட்டனுங்க. ஊட்டுக்காரருதான் போடச் சொன்னாருங்க."

வேப்பமரத்தடியில் நின்றிருந்த அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அவர் திறந்து முடிப்பதற்குள் சாலம்மாள் சிரித்துவிட்டாள்.

"ஆரு, இவரா? டீக்கடைல ஒரு டீ சொல்றதுக்கே என்ற மொகத்தப் பாக்கற மனுசனப்பா இவரு. இவரு உனக்கு ராடு போடச் சொன்னாராமா? பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரி ஒன்னு சொல்லோணும்."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். ரிக் ஆட்களே சிரித்தார்கள். கந்தனால்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டார். அவள் அடிக்கணக்குக் காசை அங்கேயே எண்ணிக் கொடுத்து, ஹேமருக்கு ஒரு பைசா கிடையாது என்று சொல்லி, சோற்றையும் போட்டு வண்டியை அனுப்பினாள். தண்ணீரும் இல்லை, ஹேமரும் வரவில்லை. செங்கோட்டையன் ஆறாயிரத்துக்கு ஒரு பில்லைப் போட்டு மயில்சாமி கையில் கொடுத்தான்.

அதுதான் ஆரம்பம். மயில்சாமி சந்தை நாளில் வழிமறித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பத்துப் பேர் காதில் விழப் பேசினான். மாரியம்மன் நோம்பி அன்றைக்கு, விருந்தாளிகள் கை நனைக்கிற நேரமாகப் பார்த்துப் படலுக்கு வெளியே வந்து நின்றான். மானத்துக்குப் பயந்தவர்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் கொடுப்பார்களாம். ஊரில் அப்படிக் கொடுத்தவர்கள் உண்டு. தப்பான பில் என்று தெரிந்தும், நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஆட்டை விற்றுக் கொடுத்துவிட்டு, மானம் தப்பித்தது என்று மார்தட்டிக்கொள்கிறவர்கள். சாலம்மாளுக்கு வசூல் ஆட்களைவிட இவர்கள் மேல்தான் இளக்காரம் அதிகம். நாலு பேர் பார்த்தால் அவளுக்குக் குரல் இன்னும் எடுப்பாக வரும். அந்த நோம்பி நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள் மயில்சாமி பட்ட பாட்டைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வக்கீல் நோட்டீஸ் ஒன்றும் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, காகிதம் நல்ல கெட்டியாக இருக்கிறது என்று சொல்லி, அதிலேயே மிளகாய் விதையை மடித்து எரவாணத்தில் செருகி வைத்தாள். அவள் கையெழுத்தில்லாத பில்லை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகச் செங்கோட்டையன் என்ன பைத்தியமா? அதற்குப் பிறகு மயில்சாமி தேனாகப் பேச ஆரம்பித்தான். மொதலாளி மனசிறங்கி விட்டார், பாதி கொடுத்தால் போதும் என்றான்.

"பாதி குடுத்தா நான் பாதிப் பொய் சொன்னேன்னு ஆயிரும்" என்றாள் சாலம்மாள். "ஒன்னு, முழுசா என்னுது. இல்லாட்டி முழுசா உங்க மொதலாளியுது. மோரக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

இந்த ஏழு வருஷமும் சென்னியப்பன் என்ன செய்தார் என்றால், வண்டிச் சத்தம் கேட்டதும் கட்டுத்தறிப் பக்கம் போனார். மாட்டுக்குத் தவிடு வைத்தார், வைத்த தவிட்டைக் கிளறிவிட்டார். ஒரே ஒரு தடவை, இராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "குடுத்துத் தொலச்சுப்போடலாமா?" என்று சோற்று வட்டலைப் பார்த்துச் சொன்னார். சாலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங்க குடுக்கறது? போடச் சொன்னது நீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அப்பறம் என்னங்க? அவன் அம்மாசி மீசையப் பாத்து உங்களுக்கு நடுக்கமா? பேசாமத் தின்னுங்க."

அவரும் பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவினார். கட்டின நாளிலிருந்தே அப்படித்தான். அவர் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குடியில்லை, சீட்டில்லை, கை நீட்டினதில்லை. ஆனால் ஒரு வேலைக்கும் அவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இல்லை. விதைப்பது, விற்பது, மாடு பிடிப்பது எல்லாம் அவள்தான். அவர் பின்னால் வந்து நிற்பார். அவரிடம் கேட்டால் ஒன்றும் தேறாது என்று அவள் எல்லாரிடமும் சொல்லுவாள், அவரையும் வைத்துக்கொண்டே.

எண்பத்தாறில் மகள் வசந்தாமணிக்கு எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. நாலு ஏக்கர் தண்ணிப் பூமி, கூடவே தறிப் பட்டறை. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. வசந்தாமணிக்கும் பிடித்திருந்தது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மாடு கறக்கப் போனாள், அதிலேயே தெரிந்தது. பையனின் அப்பா சுப்பையன் உறவுக்காரர்களோடு நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ள வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் படலுக்கு வெளியே வண்டி நின்றது.

மயில்சாமி அன்றைக்கு வெளியே நிற்கவில்லை. கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, கேட்காமலே ஹேமர் கதையை முழுக்கச் சொன்னான். சுப்பையன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முழுக்கக் குடித்த பிறகுதான் வைத்தார், அது வேறு விஷயம்.

"பொண்ணக் குடுக்கற ஊட்டு மேல இப்படி ஒரு பேச்சிருந்தா நல்லாவா இருக்குதுங்க?" என்றார். இவர் தறிக்காரர்களுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிற கதை எடப்பாடி முழுக்க நாறுகிறது. அவருக்குப் பேச்சு நன்றாக இருக்க வேண்டுமாம்.

மயில்சாமி இதற்காகத்தான் காத்திருந்தான். "நான் பொய் சொல்றேன்னா அறுபதாம்படிக்கு வாங்கக்கா. கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடுங்க. மொதலாளி இந்தப் பில்ல அங்கேயே கிழிச்சுப் போட்டுருவாரு" என்றான்.

திருச்செங்கோட்டு மலையில் இருக்கிறது அந்தப் படி. அந்தக் காலத்தில் கோர்ட்டிலேயே அங்கே செய்த சத்தியத்துக்கு மதிப்பிருந்ததாகச் சொல்வார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைக்காது. அது மட்டுமா, நிஜமான சத்தியத்துக்கே பலர் பயப்படுவார்கள். கற்பூரத்தில் கை வைப்பானேன், போகிற காசு போகட்டும் என்று பணத்தைக் கட்டிவிடுவார்கள். செங்கோட்டையன் அந்தப் பயத்தை வைத்தே எத்தனையோ பில்லை வசூல் பண்ணியிருக்கிறான். மலை மேல் இருக்கிற சாமிக்கு அவன் கமிஷன் ஏதும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"வர்ற திங்கக்கெழம" என்றாள் சாலம்மாள். "உங்க மொதலாளியக் கூட்டியா. அந்தக் கந்தனையும் கூட்டியா. போடச் சொன்னாருன்னு இவரத்தான சொல்றீங்க? இவரே அணைப்பாரு. எடப்பாடியண்ணா, நீங்களும் வந்து கண்ணாலப் பாருங்க."

சுப்பையன் சந்தோஷமாகச் சரியென்றார். அது கழியட்டும், பிறகு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்துகொண்டார். சென்னியப்பனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் படியில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் சத்தியம் செய்வதைப் பார்க்க, வேலை வெட்டியை விட்டுவிட்டு மல்லசமுத்திரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். செங்கோட்டையன் வெள்ளை வேட்டியும் விபூதிப் பட்டையுமாகச் சாமியின் பங்காளி போல நின்றான். சுப்பையன் தன் உறவுக்காரர்களோடு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் கந்தன் வந்தான். சாலம்மாள் அவனை அன்றைக்குத்தான் மறுபடியும் பார்த்தாள். அவன் சம்பளத் தகராறில் செங்கோட்டையனை விட்டு விலகி, இப்போது வேறு யாருக்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளியைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. படியில் கற்பூரத்தை ஏற்றினார்கள். அவன் குனிந்து, "இன்னொரு ராடு போடட்டுங்களான்னு நான் கேட்டேன். போடுங்கன்னு சென்னியப்பண்ணன் சொன்னாருங்க" என்று சொல்லி, கற்பூரத்தை அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றான்.

சாலம்மாள் முதல் முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? செங்கோட்டையன் நாசமாய்ப் போனால் முதலில் சந்தோஷப்படுகிறவன் இவன்தானே?

புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். சென்னியப்பன் முன்னால் வந்தார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனுஷன். மாட்டுக்கு ஊசி போடும்போதுகூடத் திரும்பி நின்றுகொள்வார். அன்றைக்கு அவர் கை நேராகக் கற்பூரத்தின் மேல் போனது. ஆனால் அவர் கற்பூரத்தைப் பார்க்கவில்லை, மலை உச்சியைப் பார்த்தும் கும்பிடவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது போதுமா, இதைச் செய்துவிட்டால் சரிதானே என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போடச் சொன்னது இவர்தான். ஏழு வருஷமாக மயில்சாமி சொன்னது நிஜம். இப்போது சும்மா நின்றால் போதும், அவர் அணைத்துவிடுவார். பில் கிழிந்துவிடும். சுப்பையன் கையை நீட்டுவார். வசந்தாமணி அந்தப் பையனைக் கட்டிக்கொள்வாள். அவள் சொல்லும் நிற்கும். நிஜம் தெரிந்த கந்தனை யார் நம்பப் போகிறார்கள்?

"எடுங்க கைய" என்று அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

சாலம்மாள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். குரலைத் தாழ்த்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை.

"ராடு போடச் சொன்னது நாங்கதான். ஹேமரு எங்களுது. வெள்ளிக்கெழம வந்து ஆறாயிரத்த வாங்கிக்குங்க."

மயில்சாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஏழு வருஷமாக அந்தப் பில்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அது நிஜம் என்று அவனே நம்பவில்லை போலிருக்கிறது. செங்கோட்டையன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான்.

"ஏழு வருச வட்டி இருக்குது தங்கச்சி" என்றான்.

"இப்பத்தான் தங்கச்சிங்கறது ஞாபகம் வந்துதாக்கும்?" என்றாள் சாலம்மாள். "ஒரு வார்த்த, நீங்க நேருல வந்து, சாலா இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே கேட்டிருப்பேன். மீசைக்காரன அனுப்பி நோம்பியன்னைக்கு என்ற வாசல்ல நிறுத்துனீங்க. அதுக்கு வட்டி வேற வேணுமா? முதலு வரும். அதுக்கு மேல வேணும்னா, நீங்க இந்தப் படியில நின்னு கற்பூரத்த அணைச்சு, இதுவரைக்கும் ஒரு பொய்ப் பில்லும் போட்டதில்லைன்னு சொல்லுங்க. வட்டியும் சேத்தித் தாரேன்."

அவன் கற்பூரத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். முதல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டான்.

சுப்பையன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். முழங்கால் வலி என்று அரை மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினவர், இறங்கும்போது இளவட்டம் மாதிரி இறங்கினார். ஜாதகம் சரியில்லை என்று இனிமேல் ஆள் சொல்லி அனுப்புவார். நாணயம் இல்லாத வீடு என்று எடப்பாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். வசந்தாமணியின் நகைக்கென்று கிழங்கு விற்றுச் சேர்த்த காசும் வெள்ளிக்கிழமை போய்விடும். வீட்டில் அந்தப் பெண் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருக்கும். போய் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரும் இறங்கினார்கள். வெயில் ஏறிவிட்டது. நாலைந்து படி இறங்கினதும் சென்னியப்பன் கேட்டார்:

"ஏன் தட்டியுட்ட? நான் அணைச்சிருப்பனே."

"அணைச்சிருப்பீங்க. அதனாலதான் தட்டியுட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு வருசமா ஏனுங்க சொல்லல?" என்றாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். அப்படி வரவில்லை.

"அன்னைக்கு நீ சோத்துக்குப் போயிட்ட" என்றார் சென்னியப்பன். "அந்தக் கந்தன் எங்கிட்ட வந்து கேட்டான். எங்கிட்ட ஆரு எதக் கேட்டிருக்காங்க? கேட்டதுந் தலகால் புரியல. நானா ஒன்னு சொல்லிப் பாக்கலாமுன்னு இருந்துச்சு. சொல்லிப்போட்டேன். நீ வந்ததும் உங்கிட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"அப்பறம்?"

"எல்லாருஞ் சிரிச்சாங்க புள்ள. அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

எவன் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல அவளிடம் ஒன்று இருக்கும். வசூல்காரனுக்கு, வக்கீலுக்கு, சம்பந்திக்கு, சாமிக்குக்கூட. யார் யாரையோ எகத்தாளம் பேசின வாய். அத்தனை பேரும் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாமல் கூடவே இருந்தவர் இவர் ஒருவர்தான். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறுகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஏழு வருஷமும் கட்டுத்தறியில் நின்று தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்த மனுஷனை அண்ணாந்து பார்த்தாள்.

"பஸ்ஸு போயிருமே" என்றார் அவர். "என்ன பண்ணலாங்கற?"

"என்னையக் கேக்காதீங்க" என்றாள் சாலம்மாள். "எந்திரி, போலாமுன்னு நீங்க சொல்லுங்க. எந்திரிக்கறேன்."

அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.